தொடாத ஊசி

நாலு மணிப் பரிசோதனையின்போது, அக்கா தொடாத ஓர் இடத்தில் தம்பிக்கு ஊசி குத்தியது.

ஊசி அவள் கையில்தான் இருந்தது. அந்தக் கை மடியில் கிடந்தது. வாய் மட்டும் வழக்கம்போல "இப்போ?" என்று கேட்டது. கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு மல்லாந்து படுத்திருந்த தம்பி, கொஞ்சமும் யோசிக்காமல், "ஊசி. இடது குதிகால், வெளிப்பக்கம்" என்றான்.

அக்கா அவன் குதிகாலைப் பார்த்தாள். ரப்பர் விரிப்பின் மேல் அது இரண்டு வருடமாகக் கிடந்த மாதிரியே கிடந்தது. மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அவள் படிவத்தைப் பார்த்தாள், மறுபடி குதிகாலைப் பார்த்தாள், ஒரு கொட்டாவி விட்டாள். பாவம், ஆசையில் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். மூன்றாம் மாடியிலிருந்து லிஃப்ட் குழிக்குள் விழுந்ததில் முதுகுத்தண்டு நசுங்கி, இடுப்புக்குக் கீழே உடம்பு இருப்பதே அவனுக்குத் தெரியாமல் போயிற்று. "ஊரையே மேல ஏத்தி இறக்கினவன் நான். இப்போ கட்டில்லேர்ந்து இறங்க ஆள் தேடிட்டிருக்கேன்" என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். வருகிறவர்கள் நின்றுபோன பிறகு அதையே அக்காவிடம் சொன்னான். அவளும் முதல் பத்துத் தடவை சிரித்தாள்.

பெற்றவர்கள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவனுக்கு அவள், அவளுக்கு அவன். ஒரு பள்ளிக்கூடத்தின் அறிவியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவள் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பது பேச்சுக்கு. படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவனைப் புரட்டிப் போட வேண்டும், துடைக்க வேண்டும், பவுடர் போட வேண்டும், குழாயையும் பையையும் மாற்ற வேண்டும். கடிகாரம் கூப்பிடும், எழுவாள். இரண்டு வருடத்தில் அவள் மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கியது அவன் அறுவை சிகிச்சைக்குள் இருந்த அந்த ஒரு நாள்தான், ஆஸ்பத்திரி பெஞ்சில், வாயைத் திறந்துகொண்டு.

அந்த அறுவை சிகிச்சை நடந்து எட்டு மாதம் ஆகிறது. புதிய சிகிச்சை ஒன்றைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வில் அவனையும் சேர்த்துக்கொண்டார்கள். முதுகுத்தண்டை ஒட்டி மெல்லிய கம்பிகள், இடுப்புத் தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. அது விடாமல் சின்னச் சின்ன மின்துடிப்புகளை அனுப்பும். தூங்கிப்போன நரம்புகள் மெல்ல விழித்துக்கொள்ளும் என்பது டாக்டர்களின் நம்பிக்கை. நிச்சயம் என்று ஒருவரும் சொல்லவில்லை. தினமும் சார்ஜ் ஏற்றும் பெல்ட்டை அவன் இடுப்பில் கட்டும்போது கொசு மாதிரி ஒரு ரீங்காரம் கேட்கும். தோல் சூடாகி, பவுடரும் மருந்து ஸ்பிரிட்டும் வியர்வையும் கலந்த ஒரு வாடை எழும். அந்த வாடை இப்போது அவள் தலையணையிலும் இருந்தது.

ஊசிப் பரிசோதனையைக் கற்றுக்கொடுத்தது ஆய்வு நர்ஸ். மனித உருவம் வரைந்த ஒரு படிவம். குதிகாலிலிருந்து பின்மண்டை வரை ஒரு பக்கத்துக்கு இருபத்தெட்டு இடம். நோயாளியின் கண்ணைக் கட்டிவிட்டு, ஊசியின் கூர்முனையாலும் குண்டுமுனையாலும் மாற்றி மாற்றித் தொட்டு, "இப்போ?" என்று கேட்க வேண்டும். அவன் ஊசி என்றோ மொட்டை என்றோ தெரியவில்லை என்றோ சொல்ல வேண்டும்.

"பத்துக்கு ரெண்டு தடவை தொடாமலே கேளுங்க, மேடம்" என்றிருந்தாள் நர்ஸ். "அப்போதான் நிஜமாத் தெரிஞ்சு சொல்றாரா, ஆசையில சொல்றாரான்னு புரியும். தொடாதப்போ தெரியுதுன்னு சொன்னா கடைசிக் கட்டத்துல குறிச்சு வைங்க. ஒரே வாரத்துல மூணு தடவைக்கு மேல போச்சுன்னா உடனே எனக்கு ஃபோன் பண்ணணும். கருவியை நிறுத்தி என்னன்னு பார்த்துட்டுத்தான் மேல போக முடியும்."

"நிறுத்திட்டா மறுபடி போட மாட்டீங்களா?"

"அது டாக்டர் முடிவு, மேடம்" என்றாள் நர்ஸ், மேசையைப் பார்த்துக்கொண்டு. 

எட்டு மாதமாக அந்தக் கடைசிக் கட்டம் காலியாகவே இருந்தது. இடுப்புக்குக் கீழே உள்ள எல்லாக் கட்டமும் அப்படித்தான். அங்கே எதற்கும் அவன் தெரியவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தான். இன்று முதல்முறையாக ஏதோ சொல்லியிருக்கிறான், துணிக்குக் கீழே அவன் உதடு சிரிக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதம் வேறு மேசையில் கிடந்தது. அடுத்த மாதம் வந்து சேராவிட்டால் வேலை இன்னொருவருக்கு. அக்கா பேனாவை எடுத்தாள். இடது குதிகால் என்ற கட்டத்தில், தொட்டதாகவே எழுதினாள். ஒரு தடவைதானே.

மறுநாள் வலது குதிகால். அதையும் அவள் தொடவில்லை. அதற்கு அடுத்த நாள் கணுக்கால். கால்களில் நிஜமாக ஊசி வைத்த தடவையெல்லாம் அவன் "தெரியல, தெரியல" என்று சலித்துக்கொண்டான். கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டபோது மட்டும் சட்டென்று, தெளிவாக, இடத்தோடு சொன்னான். அவள் எழுதினாள். வாரக் கடைசியில் படிவங்களைப் பார்த்துவிட்டு நர்ஸ் போனில் கூப்பிட்டாள், குரலே துள்ளியது.

"டாக்டர் ரொம்ப சந்தோஷப்பட்டாரு, மேடம். துடிப்பை ஒரு நிலை ஏத்தச் சொல்லியிருக்காரு. இங்கேர்ந்தே ஏத்திடறேன்."

போனைத் தோளில் இடுக்கியபடியே அக்கா அவனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இடுப்பிலிருந்த கருவியின் ரீங்காரம் அவள் உள்ளங்கைக்கு அடியில் ஒரு படி தடித்தது. அப்போது அவன் கால் கட்டைவிரல் அசைந்தது.

இரண்டு பேரும் அழுதார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. அவன் கட்டைவிரலைப் பார்த்து, "டேய், எங்கடா போயிருந்தே இத்தனை நாளா?" என்று கேட்டான். அக்கா அன்று சமையலறையில் நின்று, அடுப்பை மூட்டாமலே, வேலைக்குத் திரும்பும் கடிதத்தை மனதுக்குள் எழுதிப் பார்த்தாள். ஒரு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவதை நினைத்தாள். யாரையும் புரட்ட வேண்டாத ஒரு பகலை நினைத்தாள்.

மூன்றாவது வாரத்தில் முழங்கால் மடங்கியது. நான்காவது வாரத்தில், கைப்பிடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பரிசோதனை மட்டும் அப்படியேதான் இருந்தது. அவள் தொட்டால் தெரியவில்லை, தொடாவிட்டால் தெரிந்தது. ஒரு நாள் படிவங்களை அடுக்கும்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. அவன் சொல்லும் இடங்கள் வரிசையாக வந்திருந்தன. குதிகால், கணுக்கால், முழங்கால், தொடை. நாளுக்கு ஓர் இடம், ஒன்றுகூட விடுபடாமல், படிவத்தின் கீழிருந்து மேலே. ஒரு நாள் ஊசி, மறுநாள் மொட்டை. நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடியே யாரோ முறையாகச் செய்துகொண்டு வருகிறார்கள். அவள்கூட இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை.

அக்கா படிவங்களை உறைக்குள் போட்டு மூடினாள். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான், அது அவளுக்கே தெரியும். ஆனால் களைத்த பூனைக்கு வேறு என்ன வழி.

ஆஸ்பத்திரியில் நடக்க வைத்துப் பார்த்தார்கள். வெள்ளைத் தரையில் கோடு போட்டு, இருபுறமும் டாக்டர்களும் மாணவர்களும் நின்றார்கள். தம்பி சட்டத்தை விட்டுவிட்டுப் பதினோரு அடி நடந்தான். எல்லோரும் கை தட்டினார்கள். நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எட்டாவது அடியில் நிற்கச் சொன்னதை அவன் கேட்காதது ஆர்வக்கோளாறு என்று சொல்லிச் சிரித்தார்கள். அக்காவுக்கு மட்டும் அவன் முகம் நேராகத் தெரிந்தது. இடுப்புக்குக் கீழே கால்கள் அளவாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. இடுப்புக்கு மேலே அவன் இரண்டு கையாலும் காற்றைப் பிடிக்கப் பார்த்தான்.

வீடு திரும்பும்போது காரின் பின்சீட்டில் தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"அக்கா. நான் நடக்கலக்கா."

"பின்ன யாரு நடந்தா?"

"தெரியல. நிக்கணும்னு நெனச்சேன். நிக்கல. காலு என்கிட்ட கேக்கவே இல்ல."

"ரெண்டு வருஷம் சும்மா கெடந்த காலு. கொஞ்ச நாள் அது இஷ்டத்துக்குத்தான் இருக்கும். எல்லாம் பழகிடும்."

அவன் தலையாட்டினான். அவள் சொன்னால் நம்புவான், சின்ன வயதிலிருந்தே அப்படி. அன்று மாலை அவள் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் அனுப்பினாள். வரும் திங்கட்கிழமை வேலைக்கு வருகிறேன் என்று.

அதற்குள் வரிசை இடுப்பைத் தாண்டியிருந்தது.

தொப்புள். விலா. மார்பு. இங்கெல்லாம் விபத்துக்குப் பிறகும் அவனுக்கு நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தது. ஒருநாள் காபி டம்ளரை வாங்கும்போது கைதவறி மார்பில் கொட்டிக்கொண்டான். ஆவி பறக்கும் காபி. பனியன் நனைந்து ஒட்டியது, உள்ளே தோல் சிவந்து கொப்பளித்தது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை, டம்ளர் உருண்டதைப் பார்த்து, "போச்சு, நல்ல காபி" என்றான். அக்கா துணியை நனைத்து ஒற்றினாள். ஒற்றும்போதே, அவன் பார்க்காத பக்கமாக, விரல் நகத்தால் விலாவில் அழுத்தினாள். அழுத்திக் கிள்ளினாள். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அது தொட்ட இடமெல்லாம் அவனுக்கு இல்லாமல் போகிறது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டுகிறது. அவள் மெதுவாக எழுந்து சமையலறைக்குப் போய் நர்ஸின் எண்ணை எடுத்தாள். என்ன சொல்வது? மூன்று தடவைக்கு மேல் போனால் கூப்பிடச் சொன்னீர்கள், இருபது தாண்டிவிட்டது என்றா? எல்லாமே என் கையெழுத்து என்றா? கருவியை நிறுத்துவார்கள். கால்கள் மறுபடி ரப்பர் விரிப்பில் கிடக்கும். கடிகாரம் கூப்பிடும். அவள் எழுவாள். இன்னும் முப்பது வருடம் எழுவாள்.

போனைக் கவிழ்த்து வைத்தாள். திங்கட்கிழமை போகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள். அந்த முடிவில் அவளுக்கு வெட்கம்கூட வரவில்லை, அவ்வளவு அசதி.

ஒரு நாளைக்கு ஒன்று என்பது போய், இரண்டு மூன்றாகச் சொல்ல ஆரம்பித்தான். அக்குள். சுண்டுவிரல். நடுவிரல். கட்டைவிரல். முழங்கை. அவன் கைகள் இப்போது வெகு சுத்தமாக வேலை செய்தன. சட்டைப் பொத்தானை அவன் பார்க்காமலே போட்டன. சாப்பிடும்போது வாய் மென்று முடிப்பதற்குள் அடுத்த கவளத்தைக் கொண்டுவந்து உதட்டருகே நிறுத்திக் காத்திருந்தன. அவன் சிரிப்பது குறைந்தது. பிறகு பேசுவது குறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். புடவையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மடித்து வைத்திருந்தாள். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. திரைச்சீலை வழியாக அறைக்குள் ஒரு மஞ்சள் வெளிச்சம் தேங்கி நின்றது. மின்விசிறி சுற்றும் ஓசைக்கு அடியில் கருவியின் ரீங்காரம் கேட்டது. பெல்ட் கட்டாதபோதும் அது இப்போதெல்லாம் கேட்டது. நாலு அடிக்க ஐந்து நிமிடம்.

"இன்னைக்கு வேண்டாம்க்கா" என்றான் தம்பி.

"நாளைக்கு நான் இருக்க மாட்டேன்டா. இன்னைக்கு ஒரு நாள் முடிச்சிடலாம்."

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். நேத்து கழுத்துல குத்தினது நீதானே?"

அவள் ஊசியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"துணி கட்டியிருந்தது இல்ல. எனக்குத் தெரியாது. நீ சொன்னாத்தான் தெரியும். நீதானே தொட்டே?"

அவன் குழந்தை மாதிரி அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தான். இஸ்திரி போட்ட புடவை அவன் தலைக்குப் பின்னால் நாற்காலியில் இருந்தது. இந்த ஒரு கேள்விக்கு நிஜத்தைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது, திங்கட்கிழமை காலை எட்டு மணி.

"நான்தான்டா. வேற யாரு இருக்கா இங்கே?"

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்போ சரி" என்றான். தலையை அவள் பக்கம் நீட்டினான். அவள் துணியைக் கட்டினாள்.

படிவத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஓர் இடம். பின்மண்டை.

அவள் ஊசியை எடுத்துப்போய் எதிர்ச் சுவரோரம் மேசையில் வைத்தாள். திரும்பி வந்து, கட்டிலிலிருந்து இரண்டு அடி தள்ளி முக்காலியில் உட்கார்ந்தாள். கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். கேட்காவிட்டால் நடக்காது என்று ஒரு நினைப்பு வந்தது. வாயை இறுக்கி மூடினாள். மேல்வீட்டில் நாற்காலி இழுபட்டது. நின்றது. மின்விசிறி. ரீங்காரம். கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டுக்கு வந்தது.

அவள் கேட்கவில்லை.

"ஊசி" என்றான் தம்பி. "பின்மண்டை."

தலையணைக்கும் தலைக்கும் நடுவே விரல் நுழைய இடமில்லை.

ரீங்காரம் நின்றது. பல வாரங்களில் முதல்முறையாக. அறையில் அப்படி ஓர் அமைதி இருக்கக்கூடும் என்பதையே அவள் மறந்திருந்தாள்.

தம்பி எழுந்து உட்கார்ந்தான். கையை ஊன்றாமல், ஒரே வீச்சில். கால்கள் கட்டிலிலிருந்து இறங்கின. நடந்தன. எதிர்ச் சுவர் வரை போயின. மேசையிலிருந்து ஊசியை எடுத்தன விரல்கள். புதுப் படிவம் ஒன்றையும் எடுத்தன. எல்லாம் மெதுவாக. எல்லாம் முறையாக. கண்ணில் துணி அப்படியே இருந்தது.

"அக்கா" என்றான். "யாரு என்னைத் தூக்கினது? நீயா?"



கால்கள் திரும்பி வந்தன. அவள் முன்னால் தரையில் சம்மணம் போட்டு அமர்ந்தன. ஒரு கை அவன் முகத்துத் துணியை அவிழ்த்தது. முகம் மட்டும் அவன் முகம். கண் மட்டும் அவன் கண். அந்தக் கண் கீழே பார்த்தது, தன் கைகளைப் பார்த்தது, பிறகு அவளைப் பார்த்தது. இத்தனை நாளாகத் தொட்டது யார் என்பது அப்போது அவனுக்குத் தெரிந்துபோயிற்று. அவள் இல்லை என்பதும்.

அவன் அவளைத் திட்டவில்லை.

"ஓடுக்கா" என்றான். கண்ணீர் தாடையில் வழிந்தது, துடைக்க அவனிடம் கை இல்லை. "இது நான் இல்ல. காலை இழுத்துக்கோ. இழுத்துக்கோக்கா."

கைகள் அவள் இடது பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டன. பாசமாக. இத்தனை மாதமும் அவள் அவனுக்குச் செய்த மாதிரியே, பாதத்தை லேசாகச் சாய்த்து, குதிகாலின் வெளிப்பக்கம் வெளிச்சத்தில் படும்படி.

அக்கா காலை இழுத்தாள். இழுத்ததாகத்தான் நினைத்தாள். தொடையில் முயற்சி தொடங்கியது, முழங்காலில் எங்கோ கரைந்தது. பாதம் அவன் மடியிலேயே இருந்தது, வேறு யாருடையதோ மாதிரி.

"அக்கா, கீழே பார்க்காதே" என்றான் தம்பி.

அவள் பார்த்தாள். ஊசி தலைவரை குதிகாலில் இறங்கியிருந்தது. ஒரு சொட்டு ரத்தம் விரல்களுக்கு நடுவே வழிந்துகொண்டிருந்தது. அவன் வலது கை ஊசியை விட்டுவிட்டுப் பேனாவை எடுத்து, படிவத்தின் மேல் நிறுத்தி, அவள் பதிலுக்காகக் காத்திருந்தது.